டப், ஜங்கிள், ஒரு வகுப்பறை: இசைக் கேள்வி–பதில்

சென்ற இதழில் லண்டனைச் சேர்ந்த ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் என்னும் இசைக்குழுவைப் பற்றிப் பத்து வரிகளில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ‘மின்னணு நடன இசை, ரெகே, ராப், பங்க் கிட்டார், தெற்காசிய இசை எல்லாம் கலந்த குழு’ என்று அதில் போகிற போக்கில் சொல்லிச் சென்றது பல வாசகர்களுக்குப் போதவில்லை. எப்படிக் கலந்தார்கள், ஏன் கலந்தார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து, இம்முறை பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

இந்தக் குழு எப்படித் தோன்றியது? நண்பர்கள் கூடித் தொடங்கியதா, ரெக்கார்டு கம்பெனி ஆள் சேர்த்து உருவாக்கியதா?
— கல்லூரி மாணவி, மதுரை

இரண்டுமில்லை. அது ஒரு வகுப்பறையில் தோன்றியது. லண்டனின் ஃபாரிங்டன் பகுதியில் கம்யூனிட்டி மியூசிக் என்ற அமைப்பு இளைஞர்களுக்கான இசைப் பயிற்சிகளை நடத்திவந்தது. 1993ஆம் ஆண்டு அங்கே தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இசைத் தொழில்நுட்பம் கற்பிக்கும் கோடை வகுப்புகள் நடந்தன. அவ்வகுப்புகளை ‘ஐடென்டிக்கல் பீட்’ என்ற ஆவணப்படமும் பதிவு செய்தது. பயிற்றுவித்தவர் அனிருத்த தாஸ் என்ற பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுவரங்களை ஒலிக்கும் கிட்டார்) கலைஞர். அவருக்குத் துணையாக இருந்தவர் ஜான் பண்டிட். இளைஞர் நலப் பணியாளர், அதே சமயம் டிஜே. மாணவர்களில் ஒருவன் தீதர் ஜமான் என்ற வங்காள வம்சாவளிச் சிறுவன். பதின்பருவத்திலேயே மின்னல் வேகத்தில் ராப் சொல்லக்கூடியவன். இந்த மூவரும்தான் முதல் குழு. நம் மரபில் சீடன் குருவுக்குப் பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டுவான். இங்கே மாணவன் மைக்கைப் பிடித்து முன்னால் நிற்க, ஆசிரியர் அவனுக்குப் பின்னால் நின்று பேஸ் வாசித்தார். இந்தக் குழுவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அந்த ஆண்டு எத்தகையது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1993 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்துக்குக் காத்திருந்த இடத்தில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் கிழக்கு லண்டனின் மில்வால் வார்டில் நடந்த இடைத்தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சியான பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி தன் முதல் உள்ளாட்சி உறுப்பினரை வென்றெடுத்தது. வங்காளதேசக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த வட்டாரம் அது. அந்த நிலையில் இந்த மூவரும் முதலில் உருவாக்கியது மேடைக் குழுவை அன்று, ஒரு சவுண்ட் சிஸ்டத்தை: ஒலிபெருக்கிகளும் டர்ன்டேபிளும் மைக்கும் கொண்ட நடமாடும் இசை ஏற்பாடு. இனவெறிக்கு எதிரான நிகழ்ச்சிகளில் அதைக் கொண்டுபோய் வாசித்தார்கள். 1994இல் ஸ்டீவ் சந்திரா சவாலே என்ற கிட்டார் கலைஞர் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சன்-ஜே என்ற டிஜேயும் பபிள்-ஈ என்ற நடனக் கலைஞரும் வந்தார்கள். ஐவரோ அறுவரோ ஒரே ரசனையால் ஒன்றுசேர்ந்த குழு அன்று இது; ஒவ்வொருவரும் வேறு வேறு இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஒரே தேவைக்காகச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஒலிக்கலவை அங்கிருந்துதான் வருகிறது.

குழுவின் பெயருக்கு என்ன பொருள்?
— வாசகர், திண்டுக்கல்

பிரிட்டனில் ‘ஏஷியன்’ என்றால் சீனரையோ ஜப்பானியரையோ குறிப்பதில்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையுமே பெரும்பாலும் குறிக்கும். ‘டப்’ ஜமைக்காவின் இசைமுறை. அதை அடுத்த பதிலில் விளக்குகிறேன். ‘ஃபவுண்டேஷன்’ என்றால் அடித்தளம். பேஸ் இசைதான் இவர்களுடைய பாடல்களின் அடித்தளம் என்பதால் பெயரிலேயே இசையின் அமைப்பும் இருப்பதாக நான் வாசிக்கிறேன். உறுப்பினர்கள் தங்களுக்கும் மேடைப் பெயர்கள் வைத்துக்கொண்டார்கள்: அனிருத்த தாஸ் ‘டாக்டர் தாஸ்’ ஆனார், ஜான் பண்டிட் ‘பண்டிட் ஜி’ ஆனார், சவாலே ‘சந்திராசோனிக்’ ஆனார்.

டப் என்றால் டப்பிங்கா? பாடலை இன்னொரு மொழியில் பாடுவதா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கோயம்புத்தூர்

சொல்லின் வேர் ஒன்றுதான், பொருள் வேறு. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1960களின் இறுதியில் தொடங்கிய வழக்கம் அது. ஒரு ரெகே பாடல் இசைத்தட்டாக வெளிவரும்போது, அதன் மறுபக்கத்தில் அதே பாடலைப் பாடகரின் குரலை நீக்கிவிட்டு, வெறும் வாத்தியங்களோடு வெளியிடுவார்கள். சவுண்ட் சிஸ்டம் நடத்துபவர்கள் அந்தப் பக்கத்தைச் சுழலவிட்டு, அதன்மேல் தாங்களே மைக்கில் பேசியும் பாடியும் கூட்டத்தை ஆடவைத்தார்கள். கிங் டப்பி என்று அழைக்கப்பட்ட ஆஸ்போர்ன் ரடாக் இந்த வழக்கத்தை ஒரு கலையாகவே மாற்றினார். அவர் இசைக்கலைஞராகத் தொடங்கியவர் அல்லர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்தவர். மிக்சர் பலகையின் முன் அமர்ந்து, ஏற்கெனவே பதிவான ஒரு பாடலிலிருந்து கிட்டாரைத் திடீரென்று எடுத்துவிடுவார், ஒரு டிரம் அடியை மட்டும் எதிரொலிக்குள் தள்ளிவிட்டு அது மெல்லத் தேய்ந்து மறையும்வரை காத்திருப்பார், பாடகரின் ஒரு சொல்லை மட்டும் மிதக்கவிட்டு மீதியை அறுத்துவிடுவார். எல்லாம் போனபின் எஞ்சி நிற்பவை டிரம்மும் பேஸும்தான்.

அதாவது, டப் என்பது சேர்ப்பதால் உண்டாகும் இசை அன்று; நீக்குவதால் உண்டாகும் இசை. வீட்டைக் கட்டிமுடித்த பிறகு சுவர்களை ஒவ்வொன்றாக எடுத்து, தூண்களை மட்டும் காட்டுவதைப் போன்றது. ஏஷியன் டப் ஃபவுண்டேஷனைப் புரிந்துகொள்ள இது மிக முக்கியம். ஐந்து வகை இசையை ஒரே பாடலில் போட்டால் நெரிசல்தான் மிஞ்சும். அவர்கள் பாடல்களில் அந்த நெரிசல் இல்லாததற்குக் காரணம், ஒன்று நுழையும்போது இன்னொன்று விலகிக்கொள்ளும் இந்த ஜமைக்கப் பாடத்தை அவர்கள் நன்றாகக் கற்றிருந்ததுதான்.

லண்டனில் வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகளுக்கு ஜமைக்க இசை எப்படிக் கிடைத்தது என்று ஐயம் எழலாம். 1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்த மக்கள் தங்கள் சவுண்ட் சிஸ்டம் பண்பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். இந்திய, வங்காளதேசக் குடும்பங்களும் அதே தெருக்களில்தான் குடியேறின. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த பேஸ் ஒலியைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது.

நான் மிருதங்கம் பயில்கிறேன். இவர்கள் பாடல்களில் டிரம் பறக்கிறது, பேஸ் நிதானமாக நடக்கிறது. இரண்டும் வேறு வேறு காலப்பிரமாணமா?
— மாணவர், தஞ்சாவூர்

உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. விடையும் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. தாளம் ஒன்றுதான், பேஸ் முதற்காலத்திலும் டிரம் இரண்டாம் காலத்திலும் நடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1990களின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்த ஜங்கிள் என்னும் நடன இசையில் டிரம் நிமிடத்துக்குச் சுமார் 160 முதல் 170 அடிகள் வேகத்தில் ஓடும். அதில் சரிபாதி 80 முதல் 85. அது ரெகேயும் டப்பும் நிதானமாக நடைபோடும் வேகம். எனவே ஒரே பாடலில், மேலே ஜங்கிள் டிரம் தெறித்து ஓடிக்கொண்டிருக்க, கீழே டப் பேஸ் தன் போக்கில் நடக்கலாம்; இரண்டும் ஆவர்த்தனத்தின் எடுப்பில் தவறாமல் சந்தித்துக்கொள்ளும். ஆடுபவர் எதைப் பிடித்துக்கொண்டு ஆடுவது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். இளைஞர்கள் டிரம்மின் வேகத்துக்குக் குதிப்பதையும், சற்று வயதானவர்கள் அதே பாடலுக்குப் பேஸின் வேகத்தில் அசைவதையும் இத்தகைய கச்சேரிகளின் காணொளிகளில் நீங்களே பார்க்கலாம்.

அந்த டிரம் எங்கிருந்து வருகிறது என்பதும் சொல்லத்தக்க கதை. 1969இல் அமெரிக்காவின் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் மறுபக்கப் பாடலில், மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, கிரெகரி கோல்மன் என்ற டிரம் கலைஞர் மட்டும் ஏறத்தாழ 7 விநாடிகள் தனியாக வாசிக்கிறார். அந்த 7 விநாடிகளைத்தான் ஜங்கிள் கலைஞர்கள் சாம்ப்ளர் என்னும் கருவியில் பதிந்து, ஒவ்வோர் அடியாகத் துண்டாக்கி, வேகத்தைக் கூட்டி, வரிசையை மாற்றிப் புதிய புதிய கோவைகளாக அடுக்கினார்கள். ஆயிரக்கணக்கான பாடல்களில் அந்தத் துணுக்கு ஒலிக்கிறது; ஆனால் கோல்மனுக்கு அதற்கான உரிமைத் தொகை எதுவும் கிடைக்கவில்லை, 2006இல் வறுமையிலேயே இறந்தார் என்பதை ஜங்கிள் கேட்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு. நீங்கள் தகிட, தகதிமி என்று சொற்களை மாற்றி அடுக்கிக் கோர்வை கட்டுகிறீர்கள் அல்லவா? ஜங்கிள் கலைஞர் அதையே ஒலித்துண்டுகளை வைத்துச் செய்கிறார்.

இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் ஓடியது தீதர் ஜமானின் குரல். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டங்களில் தொடங்கி லண்டனில் வேகம் பிடித்த சொல்வீச்சு முறை அது. அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் ஒவ்வோர் அசையையும் அடியின்மேல் துல்லியமாக வைக்கும் விதத்தைக் கேட்டால், ஒரு நல்ல கொன்னக்கோல் கலைஞரைக் கேட்கும் நிறைவு எனக்கு வருகிறது.

சில பாடல்களில் சிதார் போல ஒலிப்பது உண்மையில் சிதாரா?
— வாசகி, திருநெல்வேலி

பெரும்பாலும் கிட்டார்தான். சந்திராசோனிக் தமது மின்கிட்டாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே சுவரத்துக்குச் சுருதி கூட்டி, ஒலியைக் கரகரக்க வைக்கும் கருவியை முழுமூச்சில் திறந்துவிட்டு, விரலுக்குப் பதிலாகக் கத்தியால்கூட வாசித்தவர். வழக்கமான முறையில் கிட்டாரின் ஆறு தந்திகளும் வெவ்வேறு சுவரங்களில் இருக்கும். அவற்றைச் சேர்த்து மீட்டினால் மேற்கத்திய இசைக்குரிய சுவரக்கூட்டம் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே சுவரத்தில் வைத்தால் கூட்டம் மறைந்து, இடைவிடாத ஆதாரசுருதி கிடைக்கிறது. தம்புராவில் நாம் கேட்பதும் அத்தகைய ரீங்காரம்தான், இங்கே அது அரம் வைத்து அறுத்தாற்போல உரப்பாக ஒலிக்கிறது. ராக் இசையின் முரட்டுத்தனமும் இந்திய இசையின் சுருதி உணர்வும் ஒரே கருவியில், ஒரே அசைவில் பிறக்கும்போது, எது எதனோடு கலந்தது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. ஒரு ராக் பாடலின் நடுவே நான்கு விநாடி சிதாரை ஒட்டவைத்து ‘கீழைத்தேய மணம்’ சேர்ப்பவர்களின் வேலை இதன் அருகில் மிகவும் மெலிந்து தெரிகிறது.

ஆடுவதற்கான இசையில் அரசியல் எதற்கு? முழக்கம் போட்டால் பாட்டு கெட்டுவிடாதா?
— வாசகர், சேலம்

கெடக்கூடும், பிற்காலத்தில் அவர்களே சில பாடல்களில், இசை சொல்லிமுடித்ததைச் சொற்களால் மறுபடி சொல்லி நீர்த்துப்போக வைத்திருக்கிறார்கள். ஆனால் சிறந்த பாடல்களில் அப்படி நேரவில்லை. ஏனென்றால் அவற்றில் இருப்பவை முழக்கங்கள் அல்ல, வரலாறு.

1995இல் வந்த முதல் ஆல்பமான ‘ஃபாக்ட்ஸ் அண்ட் ஃபிக்‌ஷன்ஸ்’இல் ‘ரெபெல் வாரியர்’ என்ற பாடல் இருக்கிறது. அது காஜி நஜ்ருல் இஸ்லாமின் ‘பித்ரோஹி’ என்ற புகழ்பெற்ற வங்கக் கவிதையிலிருந்து எழுந்தது. 1922இல் அச்சேறி, வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான இளைஞர்களின் நெஞ்சில் தீ மூட்டிய கவிதை, எழுபது ஆண்டுகள் கழித்து அந்த வெள்ளையரின் தலைநகரிலேயே, வங்காள வம்சாவளிச் சிறுவன் ஒருவனின் குரலில், ஜங்கிள் தாளத்தில் திரும்பி வந்தது. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் அயல்நாட்டில் பாரதியின் பாடலை எடுத்து, தன் தெருவின் தாளத்தில் பாடினால் நமக்கு என்ன தோன்றும் என்று எண்ணிப்பாருங்கள்.

‘அசாசின்’ என்ற பாடல் உதம் சிங்கைப் பற்றியது. ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ’டுவையரை, 21 ஆண்டுகள் கழித்து, 1940 மார்ச் 13 அன்று லண்டனின் காக்ஸ்டன் ஹாலில் சுட்டுக்கொன்று தூக்குமேடை ஏறியவர் அவர். அந்த அரங்கம் இருக்கும் அதே நகரத்தின் பிள்ளைகள் அவரைப் பாடும்போது, அது தொலைதூர நாட்டின் பழங்கதையாக ஒலிப்பதில்லை.

‘ஃப்ரீ சத்பால் ராம்’ என்ற பாடல் நேரடியாக ஒரு சிறைக்கதவைத் தட்டியது. 1986இல் பர்மிங்காம் நகர உணவகம் ஒன்றில் நடந்த தாக்குதலில், தம்மைக் காத்துக்கொள்ளவே கத்தியை எடுத்ததாகச் சொன்ன சத்பால் ராமுக்குக் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய விடுதலைக்கான இயக்கத்தோடு குழு தொடர்ந்து நின்றது. கச்சேரி கச்சேரியாக அந்தப் பாடலைப் பாடியது. 2002இல் அவர் விடுதலையானார். பாடல்தான் விடுவித்தது என்று நான் சொல்லமாட்டேன். வழக்கறிஞர்களும் குடும்பத்தாரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். ஆனால் அந்த வழக்கைப் பற்றி ஒன்றுமே அறியாத பல்லாயிரம் இளைஞர்கள், ஆடிக்கொண்டே அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டார்கள்.

தாய்நாட்டை விட்டு பிரான்ஸில் முதலில் புகழ்பெற்றார்கள் என்று படித்தேன். ஏன்?
— வாசகர், புதுச்சேரி

தொடக்க ஆண்டுகளில் பிரிட்டனின் இசை இதழ்கள் இவர்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஐரோப்பாவில் மேடைகள் கிடைத்தன. 1997இல் வெர்ஜின் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை இவர்களுடைய இரண்டாம் ஆல்பத்தை வெளியிட்டது. அதே காலத்தில் பிரைமல் ஸ்கிரீம் என்ற புகழ்பெற்ற ராக் குழு தன் சுற்றுப்பயணத்தில் இவர்களையும் சேர்த்துக்கொண்டு, கேட்டவரிடமெல்லாம் இவர்களைப் பற்றிப் பேசியது. அதன் பிறகே சொந்த ஊரில் கதவு திறந்தது. பிரான்ஸில் வந்த பாடல்களில் பலவற்றைப் புதுக்கி, 1998இல் ‘ராஃபிஸ் ரிவெஞ்ச்’ என்ற பெயரில் பிரிட்டனில் வெளியிட்டார்கள். அது சிறந்த ஆல்பத்துக்கு அங்கே வழங்கப்படும் மெர்க்குரி பரிசின் அவ்வாண்டு இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது.

பிரெஞ்சு இளைஞர்கள் இவர்களை உடனே தங்களவர்களாக ஏற்றதற்கு, பாரிஸின் புறநகர்களில் வாழும் குடியேறிய குடும்பங்களின் அனுபவமும் கிழக்கு லண்டனின் அனுபவமும் ஒன்றையொன்று ஒத்திருந்ததே காரணம் என்பது என் கருத்து. இதற்குப் பின்னாளில் ஒரு சான்றும் கிடைத்தது. அப்புறநகர் இளைஞர்கள் மூவரின் ஒருநாள் வாழ்வைக் காட்டும் ‘லா ஹேன்’ என்ற 1995ஆம் ஆண்டுப் படத்தைத் திரையிட்டு, அதற்கு 2001இல் லண்டனின் பார்பிகன் அரங்கில் இவர்கள் நேரடியாகப் பின்னணி இசை வாசித்தார்கள். படத்தில் பின்னணி இசை என்று ஏறத்தாழ எதுவுமே கிடையாது; அந்த வெற்றிடம் டப் கலைஞர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. நம் நாட்டு மௌனப்பட அரங்குகளில் திரைக்கு அருகே அமர்ந்து ஆர்மோனியமும் தபலாவும் வாசித்தவர்களின் தொழிலை, சாம்ப்ளரும் பேஸும் கொண்டு இவர்கள் மீண்டும் செய்தார்கள்.

எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசமும் இந்தக் குழுவைச் சேர்ந்தவரா?
— வாசகி, டொரண்டோ

இல்லை. அவர் அடுத்த தலைமுறை. முதல் ஆல்பம் 2005இல்தான் வந்தது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மீண்டும் லண்டன் சென்றவர். 2007இல் வந்த இரண்டாம் ஆல்பத்துக்காகச் சென்னையில் உருமி மேளக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவுசெய்து நடன இசையோடு சேர்த்தார். இரு சாராரையும் வளர்த்தெடுத்தது லண்டனின் ஒரே தெருப் பண்பாடுதான். ஆனால் அவர் தனிக்கலைஞர், இவர்கள் குழு. அந்த வேறுபாடு ஒலியிலேயே கேட்கும்.

இன்றும் இயங்குகிறார்களா? புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?
— மென்பொருள் பணியாளர், ஓசூர்

இயங்குகிறார்கள், ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தீதர் ஜமான் 2000ஆம் ஆண்டில் விலகினார். அந்த இடத்துக்கு வேறு சொல்வீச்சுக் கலைஞர்கள் வந்தார்கள். அதுவரை இயந்திரத்தாளத்தை மட்டுமே நம்பியிருந்த மேடைக்கு ராக்கி சிங்கின் டிரம்மும் பிரித்பால் ராஜ்புத்தின் பஞ்சாபி டோலும் வந்து சேர்ந்தன. தோல்வாத்தியம் வந்ததும் ஒலியில் சதைப்பற்று கூடியது. பழைய இரும்புக் கூர்மை கொஞ்சம் குறைந்தது. டாக்டர் தாஸ் 2006இல் விலகிச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். பின்னாளில் நேதன் லீ என்ற கலைஞர் புல்லாங்குழலை ஊதிக்கொண்டே வாயால் தாளமும் போடும் விந்தையைக் கொண்டுவந்தார். 2020இல் ‘ஆக்சஸ் டினைட்’ ஆல்பம் வந்தது. அதில், குடியேறிகளை வெறுப்பவர்களின் பேச்சைக் கிண்டல் செய்யும் நகைச்சுவைக் கலைஞர் ஸ்டூவர்ட் லீயின் மேடைப்பேச்சைத் தாளத்தில் கோத்து ஒரு பாடல் உண்டு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றிய ஏற்பாடுகளிலிருந்து முழுமையாக விலகிய நாளையொட்டி, 2021 ஜனவரித் தொடக்கத்தில் ரசிகர்கள் திட்டமிட்டு அதை வாங்கி, அந்நாட்டின் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏற்றினார்கள்.

கேட்கத் தொடங்க 1998ஆம் ஆண்டு ஆல்பமே சரியான வாசல். அடுத்ததாக, தாங்கள் பிறந்த அமைப்பின் பெயரையே சூட்டிய ‘கம்யூனிட்டி மியூசிக்’. இது 2000ஆம் ஆண்டில் வந்தது. அதில் ‘தா தீம்’ என்ற பாடலில் நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரல் ஒலிக்கும். பிறகு ஆட்ரியன் ஷெர்வுட் தயாரித்த 2003ஆம் ஆண்டின் ‘எனிமி ஆஃப் தி எனிமி’. சினேட் ஓ’கானர் பாடியிருக்கும் ‘1000 மிரர்ஸ்’ அதில்தான் உள்ளது. இவர்கள் எல்லா வேகத்தையும் விட்டுவிட்டு, துயரத்தை மட்டும் பேஸில் ஏந்தி நடக்கும் பாடல் அது.

ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து செல்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி விநாடிக்குச் சுமார் 41 அதிர்வுகளில் ஒலிக்கிறது. செல்பேசியால் அதை ஒலிக்கவே முடியாது. குழுவின் பெயரிலுள்ள அடித்தளம் முழுவதும் காணாமல் போய், மேலே தகரச் சத்தம் மட்டும் மிஞ்சும். நல்ல ஹெட்போன் போதும். காரில் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் இன்னும் நன்று.

அரசுப் பள்ளியில் இசை ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு கீபோர்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்தான் உள்ளன. அந்த லண்டன் வகுப்பைப் போல நானும் ஏதாவது செய்ய முடியுமா?
— ஆசிரியை, நாகர்கோவில்

தாராளமாகச் செய்யலாம், அம்மா. தங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்தப் பகுதி எழுதுவதன் பயன் கிடைத்துவிட்டதாகவே உணர்ந்தேன்.

கம்யூனிட்டி மியூசிக் அமைப்பை 1983இல் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜான் ஸ்டீவன்ஸ் என்ற ஜாஸ் டிரம் கலைஞர். எழுதிவைத்த இசையே இல்லாமல், ஒருவரையொருவர் கேட்டு அந்தக் கணத்திலேயே இசையை உருவாக்கும் குழுக்களை 1960கள் முதல் நடத்தியவர். கருவி வாசிக்கத் தெரியாதவர்களையும் தெரிந்தவர்களையும் ஒரே வட்டத்தில் அமர்த்திச் செய்யக்கூடிய எளிய பயிற்சிகளை அவர் வகுத்தார். அவற்றில் இரண்டைத் தாங்கள் நாளைக்கே செய்துபார்க்கலாம். முதலாவதில், ஒவ்வொருவரும் மூச்சு நீளும்வரை ஒரே ஒலியை நீட்டிப் பாட வேண்டும். மூச்சு முடிந்ததும் புதிதாக எடுத்து அடுத்த ஒலியைத் தொடங்க வேண்டும். இருபது பிள்ளைகள் இருபது வேறு நேரங்களில் மூச்செடுப்பதால், யாரும் திட்டமிடாமலேயே அசைந்துகொண்டிருக்கும் ஒரு சுருதி உருவாகும். இரண்டாவதில் அதற்கு நேர்மாறாக, தன்னால் எழுப்பக்கூடிய மிகக் குறுகிய ஒலியை மட்டுமே எழுப்ப வேண்டும்: ஒரு சொடுக்கு, மேசையில் ஒரு தட்டு, கீபோர்டில் ஒரு தொடுகை. தொடக்கத்தில் கூரையில் ஆலங்கட்டி விழுவதைப் போலத்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஏஷியன் டப் ஃபவுண்டேஷனும் புகழ்பெற்ற பிறகு வகுப்பறையை மறக்கவில்லை. 1998இல் தங்களுக்கென்று ஒரு கல்விப் பிரிவைத் தொடங்கி, தீதர் நின்ற இடத்தில் வேறு பிள்ளைகளை நிறுத்தினார்கள். பிற்காலத்தில் குழுவில் பாடியவர்கள் சிலர் அந்த வழியில் வந்தவர்களே.

தங்களிடம் உள்ள பழைய கம்ப்யூட்டரில் ஒலித்துணுக்குகளை வெட்டி அடுக்கும் இலவச மென்பொருள் ஏதேனும் ஓடும். இரண்டாம் பயிற்சியின்போது செல்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். அதில் எட்டுத் தட்டுகள் அழகாக விழுந்த இடம் ஒன்று நிச்சயமாக இருக்கும். பிள்ளைகளையே அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி, வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அதன்மேல் யார் முதலில் வாய்திறக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த கடிதத்தில் எனக்கும் எழுதுங்கள்.